அயல்செடியும் கையெழுத்து இதழும்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்வி என்றதும் அச்சிட்ட புத்தகமும் தேர்வு மதிப்பெண்ணுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவைதாம். ஆயினும், நம் குடியிருப்புகளைச் சூழ்ந்து நிற்கும் சீமைக் கருவேலமும் ஒரு பாடமே. அதனை ஆராய்ந்து, வரைந்து, நம் கையாலேயே இதழாக்குவது குறித்துச் சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். அயலிலிருந்து வந்தவை அனைத்தும் கேடு செய்வன அல்ல. மிளகாயும் தக்காளியும் நிலக்கடலையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. வந்த இடத்தில் கட்டின்றிப் பரவி, அங்குள்ள உயிர்களை நெருக்கி ஒழிப்பதையே ஆக்கிரமிப்பு இனம் என்பர் அறிவியலார். இச்சொல் செடிகொடிகளுக்கும் விலங்குகளுக்கும் உரியது, மனிதர்க்கு உரியதன்று. மனிதரைக் களை என்று இகழ்ந்த வாய்களை நம் முன்னோர் கண்டவர்கள். ஆதலின் இச்சொல்லை அளந்து கையாளும் பொறுப்பு நமக்கு மிகுதி.

சீமைக் கருவேலத்தின் தாயகம் மெக்சிகோ, நடு அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகியவை. 1877-இல் அது இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் வறண்ட நிலங்களில் விறகுக்காகப் பரப்பினர். இனிக்கும் அதன் நெற்றை ஆடுமாடுகள் தின்கின்றன. விதை சாணத்தோடும் புழுக்கையோடும் விழுந்து முளைக்கின்றது. மேலே வெட்டினாலோ அடிக்கட்டை மீண்டும் தழைக்கின்றது.

இதனை ஆராயப் பெருஞ்செலவு வேண்டா. நான்கு குச்சியும் ஒரு கயிறும் கொண்டு மரத்தடியில் ஒரு மீட்டர் சதுரம் அமையுங்கள். திறந்த வெளியிலும் அவ்வாறே அமையுங்கள். இரண்டிலும் எத்தனை வகைச் செடிகள் உள்ளன என எண்ணுங்கள். ஓரிடம் போதாது, பல இடங்களில் எண்ணுங்கள். இம்மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது என்று பேசுவாருண்டு; சான்றில்லாததை இதழில் ஏற்றாதீர்கள். பிறகு வரையுங்கள். வெறுமனே பார்ப்பவர் முள்ளை மட்டும் காண்பர். வரைபவரோ ஓர் இலை எத்தனை சிற்றிலைகளாகப் பிரிகிறது என்பதையும் காண்பர். ஒரு முழுத்தாளை மும்முறை மடித்து விரித்து, நடுமடிப்பில் ஒரு வெட்டு வெட்டினால், மீண்டும் மடிக்கும்போது எட்டுப் பக்க இதழாகிவிடும். பசையும் வேண்டா, தையலும் வேண்டா.

கலையால் ஆவதென்ன என்று கேட்பார்க்கு நீலகிரியின் கூடலூர்ப் பகுதி விடை தருகிறது. காட்டை அடைத்துவிட்ட உண்ணிச்செடியின் தண்டுகளால், பணியர் முதலிய பழங்குடி மக்கள் யானைகளின் முழு உருவங்களைச் செய்தனர். அவை 2021-இல் இலண்டன் பூங்காக்களிலும், 2024-இல் நியூயார்க்கிலும் நின்றன. அகற்ற வேண்டிய செடி அவர்களுக்கு ஊதியமாயிற்று, உலகுக்குச் செய்தியாயிற்று.

இதில் நம் வாழ்வும் அடங்கியுள்ளது. அயல்தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்கத் தமிழக அரசு 2022-இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. நோக்கம் நன்று. ஆனால் இராமநாதபுரம் போன்ற மாவட்டங்களில் இம்மரத்தை வெட்டியும் கரிமூட்டம் போட்டும் பிழைக்கும் ஏழைகள் பலர். மரம் போன மறுநாள் அவர்கள் வீட்டில் உலை எதனால் கொதிக்கும்? முள் தைத்த கையே இவ்வினாவை எழுத வேண்டும். நெற்று எப்போது முதிரும், எவ்வளவு ஆழம் தோண்டினால் கட்டை மீண்டும் துளிர்க்காது என்பதை அறிந்தவர்கள் அவர்களே. அவ்வறிவு எழுதப்படாவிடில் கணக்கில் ஏறாது.

சிற்றிதழ் நமக்குப் புதிதன்று. 1893-இல் இரட்டைமலை சீனிவாசனார் ‘பறையன்’ இதழையும், 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் தொடங்கினர். அவ்வழி வந்தவர்கள் நாம்.

இளைஞர்களே! குடியிருப்புக்கு ஒன்றாக, ஆண்டுதோறும் ஓர் இதழ் செய்யுங்கள். எழுத்தறியாத பெரியோர் சொல்லச் சொல்ல எழுதி, அவர்கள் பெயரையும் ஆசிரியராகப் பொறியுங்கள். சங்க நூலகத்தில் அவற்றுக்கென ஒரு தட்டு ஒதுக்குமாறு நிருவாகிகளை வேண்டுகிறோம்.