மூச்சறிந்து மலையேறுதல்



தில்லியிலும் லக்னோவிலும் சண்டிகரிலும் குடியேறியிருக்கும் நம்மவர்களுக்குக் கோடை விடுமுறை வந்துவிட்டால் ஒரு கேள்வி பிறக்கும்: ஊருக்குப் போவதா, மலைக்குப் போவதா? ரயிலில் இடம் கிடைக்கவில்லையென்றால் மலை. மலை என்றால் முசௌரி, நைனிதால், சிம்லா. கடைவீதியில் உலாவிக் கம்பளிச் சட்டை ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். இதில் குற்றமொன்றுமில்லை. ஆனால் நம் இருப்பிடத்திலிருந்து ஓர் இரவும் ஒரு பகலும் பயணம் செய்தால் எட்டிவிடும் இமயத்தின்மேல் காலால் நடந்து பார்த்தவர்கள் நம்மில் சிலரே. "வயதாகிவிட்டது, நம்மால் ஆகாது" என்கிறார் ஒரு சாரார். "தினம் ஐந்து கிலோமீட்டர் நடக்கிற எனக்கு மலை எம்மாத்திரம்?" என்கிறார் மற்றொரு சாரார். இரு சாராரும் தவறாக எண்ணுகிறார்கள். நான் இரண்டாம் சாராரைச் சேர்ந்தவனாக இருந்து பாடம் கற்றவன்.

உத்தராகண்டத்தின் மேற்குப் பகுதியான கட்வாலைப் பற்றியே இன்று பேசுகிறேன். அது தமிழருக்குப் புதிய நாடன்று. திருக்கேதாரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடியிருக்கிறார்கள். பத்ரிநாத்தைத் திருவதரி என்று ஆழ்வார்கள் பாடினார்கள். முதுமையும் தளர்ச்சியும் வந்து சேருமுன் வதரியைத் தொழுதுவிடுங்கள் என்ற கருத்தைத் திருமங்கையாழ்வார் அடுக்கடுக்காகச் சொல்கிறார். இன்று பத்ரிநாத் வரையில் பேருந்து செல்கிறது. ஆகவே ஆழ்வாரின் எச்சரிக்கை இப்போது கோயிலைவிட, அதைச் சூழ்ந்த நடைபாதைகளுக்கே அதிகம் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மொழிபெயர்ப்பே தொழிலாகப் போனமையால், ஊர்ப் பெயரைக் கண்டால் அதைப் பிரித்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. கட்வாலில் இந்தப் பழக்கம் நடப்பவனுக்குப் பயன்படுகிறது. 'தால்' என்றால் ஏரி. 'தார்' என்றால் மலை முகடு. 'காட்' என்றால் ஓடை. 'கால்' என்றால் இரண்டு சரிவுகளுக்கு நடுவே முகடு தாழ்ந்து வழிவிடும் கணவாய். நம்முடைய காலுக்கும் அதற்கும் உறவில்லை, அங்கே போய்ச் சேருவதற்குள் நம் கால் ஓய்ந்துவிடும் என்பதைத் தவிர. 'புக்யால்' என்பது மரங்களின் எல்லைக்கு மேலே விரிந்து கிடக்கும் புல்வெளி. ஒரு பெயர் புக்யால் என்று முடிந்தால், அங்கே நிழல் இல்லை, விறகு இல்லை, இடி மின்னல் வந்தால் ஒதுங்க இடமில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

முதன்முறையாக நடப்பவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நான் சொல்லும் பாதை தேவரியா தால். கேதாரநாதரின் குளிர்கால இருக்கையாகிய ஊக்கிமடத்தை அடுத்து ஸாரி என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து ஏரிக்கு இரண்டரை கிலோமீட்டர்தான். ஏற்றமே என்றாலும் நல்ல பாதை. நின்று நின்று ஏறினால் இரண்டு மணி நேரத்தில் அடையலாம். ஏரி சுமார் 2,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. வானம் தெளிந்த காலை வேளையில் 7,138 மீட்டர் உயரமுள்ள சௌகம்பா சிகரம் தலைகீழாக அந்த நீரில் நிற்கும். பகல் ஏற ஏற மேகம் மூடிவிடுமாதலால் விடியற்காலையில் அங்கே இருப்பதே உசிதம்.

அடுத்த படி துங்கநாத். சிவாலயங்களில் மிக உயரத்தில் அமைந்தது அதுவே என்பர். 3,680 மீட்டர் என்று குறிக்கிறார்கள். சோப்தா என்ற இடத்தில் பேருந்தை விட்டிறங்கினால் சுமார் நான்கு கிலோமீட்டர் கல் பாவிய பாதை. மார்ச், ஏப்ரலில் சென்றால் இருபுறமும் புராஸ் மரங்கள் செக்கச் செவேலெனப் பூத்திருக்கும். ஆனால் அப்போது கோயில் திறந்திராது. குளிர்காலத்தில் சுவாமியை மக்கு என்ற கிராமத்துக்கு எழுந்தருளச் செய்துவிடுகிறார்கள். கோயிலுக்கு மேலே இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் ஏறினால் சந்திரசிலை. அங்கிருந்து நந்தாதேவி, திரிசூல், சௌகம்பா எல்லாம் ஒரே வளையமாகத் தெரியும் என்று பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நான் பார்க்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

திருச்சியிலிருந்து என் சிற்றப்பா வந்திருந்தார். வயது அறுபத்து மூன்று. தபால் பை சுமந்து கிராமம் கிராமமாக நடந்து ஓய்வு பெற்றவர். அவரால் முடியுமா என்று எனக்குக் கவலை. என்னைப் பற்றிக் கவலையே இல்லை. தில்லியிலிருந்து இரவுப் பேருந்தில் புறப்பட்டு, மறுநாள் முழுதும் மலைப்பாதையில் குலுங்கி, இரவு ஊக்கிமடத்தில் தங்கி, விடிந்ததும் சோப்தாவிலிருந்து ஏறத் தொடங்கினோம். நான் வேகமாக நடந்து, திருப்பத்துக்குத் திருப்பம் அவருக்காகக் காத்து நின்றேன். அவரோ பத்தடிக்கு ஒரு முறை தடியை ஊன்றி நிற்பார், மலையைப் பார்ப்பார், மறுபடி நடப்பார். கோயில் வாசலை அடைந்தபோது அவர் முகம் தெளிவாக இருந்தது. எனக்கு நெற்றிப் பொட்டு தெறித்தது. தேநீர் குடித்தேன், வெளியே வந்துவிட்டது. ஆயினும் சந்திரசிலையை விட எனக்கு மனமில்லை. "இன்னும் ஒன்றரை கிலோமீட்டர்தானே, சிற்றப்பா" என்றேன்.

"சுவாமியைப் பார்த்தாயிற்று. மேலே போய் யாருக்குத் தபால் கொடுக்க வேண்டும்? வாப்பா, இறங்கலாம்" என்று சொல்லி, என் பையையும் வாங்கித் தம் தோளில் மாட்டிக்கொண்டார். சோப்தாவுக்கு இறங்கிய இரண்டு மணி நேரத்தில் தலைவலி போன இடம் தெரியவில்லை.

பின்னர் ஒரு மருத்துவ நண்பரிடம் காரணம் கேட்டறிந்தேன். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைவதில்லை. ஆனால் காற்றே மெலிந்துவிடுவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே செல்லும் பிராணவாயு குறைகிறது. தேகம் இதற்குப் பழகச் சில நாட்கள் வேண்டும். தில்லி இருப்பதோ சுமார் 215 மீட்டரில். ஒன்றரை நாளில் மூவாயிரத்துச் சொச்சம் மீட்டர் ஏறிவிட்டு, தேகம் ஏன் முரண்டு செய்கிறது என்று வியப்பதில் அர்த்தமில்லை. இளமையும் தேகப்பயிற்சியும் இந்த நோயைத் தடுப்பதில்லை. சொல்லப்போனால், வலுவுள்ளவன் விரைந்து ஏறுகிறான். விரைந்து ஏறுகிறவனையே அது முதலில் பிடிக்கிறது.

தலைவலி, குமட்டல், அசதி இவை கண்டால் மேலே ஏறக்கூடாது. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இரவென்றும் பாராமல் துணையோடு உடனே கீழே இறங்கியாக வேண்டும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. 3,000 மீட்டருக்கு மேல் செல்பவர்கள், இன்றிரவு படுக்கும் இடம் நேற்றிரவு படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மிகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மற்றப் பாதைகளை நோக்கலாம். மலர்ப் பள்ளத்தாக்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1931-இல் காமெட் சிகரம் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மைத் குழுவினர் வழி தவறியதுபோல் அதில் இறங்கினார்கள். அவர் எழுதிய நூலால் உலகம் அதனை அறிந்தது. அங்கே மலர் சேகரிக்க வந்து 1939-இல் பாறையில் தவறி விழுந்து இறந்த ஜோன் மார்கரெட் லெக் என்ற ஆங்கிலப் பெண்மணியின் கல்லறை பூக்களின் நடுவே இருக்கிறது. 1982-இல் தேசியப் பூங்காவாகவும் 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஆயிற்று. கோவிந்தகாட்டிலிருந்து புல்னா வரை வண்டி செல்லும். பின் சுமார் பத்து கிலோமீட்டர் நடந்தால் காங்கரியா. அங்கே ஏறக்குறைய 3,050 மீட்டர் உயரத்தில் இரவு தங்கி, மறுநாள் பள்ளத்தாக்குக்குச் சென்று மாலையில் திரும்பலாம்; உள்ளே தங்க அனுமதியில்லை. நடுத்தர நடைக்காரர்களுக்கு ஏற்றது. அதே காங்கரியாவிலிருந்து சீக்கியரின் புனிதத் தலமாகிய ஹேம்குண்டம் ஆறு கிலோமீட்டர் செங்குத்து. உயரம் 4,300 மீட்டருக்கு மேல். பள்ளத்தாக்கை முதல் நாளும் ஹேம்குண்டத்தை மறுநாளும் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றி வைத்துக்கொண்டவர்கள் பலரை மட்டக்குதிரைமேல் துவண்டு இறங்கக் கண்டிருக்கிறேன்.

மனித எலும்புகள் கிடக்கும் ரூப்குண்டம் போன்ற பாதைகள் தேர்ந்தவர்களுக்கே உரியவை. 2018-இல் உத்தராகண்ட உயர்நீதிமன்றம் புக்யால்களில் இரவு தங்குவதைத் தடை செய்தது. ஆதலால் அப்பக்கம் செல்ல எண்ணுவோர் வனத்துறையில் விசாரித்த பின்னரே புறப்பட வேண்டும்.

பருவத்தையும் சிறிது எண்ண வேண்டும். மலர்கள் நிறைவது ஜூலை, ஆகஸ்டில். மலை சரிவதும் அப்போதே. 2013 ஜூனில் கேதாரநாத் பாதையிலிருந்த ராம்பாடா என்னும் தங்குமிடமே வெள்ளத்தில் இல்லாமற் போயிற்று. 2024 ஜூனில் சகஸ்ர தால் பாதையில் கர்நாடகத்திலிருந்து சென்ற நடைக்குழுவில் ஒன்பது பேர் பனிப்புயலில் சிக்கி மாண்டார்கள். மழை ஓய்ந்தபின், தசராவை ஒட்டிய நாட்களில் வானம் தெளிந்திருக்கும். அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் விடுமுறை கிடைக்கும். நல்ல காலணி, கைத்தடி, மழைக்காப்பு, உள்ளூர் வழிகாட்டி ஒருவர் ஆகியவற்றில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

வருகிற தசராவுக்குச் சிற்றப்பா மறுபடி வருவதாகத் தொலைபேசியில் சொன்னார். இம்முறை அட்டவணை அவர் போட்டது. ஊக்கிமடத்தில் ஒரு நாள்; ஸாரியில் தங்கித் தேவரியா தால்; சோப்தாவில் இரண்டு இரவு. அதன் பிறகே துங்கநாத். சந்திரசிலையைப் பற்றிக் கேட்டேன். "உன் தலையைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றார்.