மூக்குக்குத் தெரியாத வாயு

பிளாஸ்டிக் கதீட்டர், லென்ஸ் பொருத்திய கருவி போன்றவை நீராவிச் சூடு தாங்காது. ஆஸ்பத்திரிகளில் அவற்றை எத்திலீன் ஆக்சைடு வாயு நிரப்பிய பெட்டியில் வைத்துக் கிருமி நீக்குவார்கள்.

வினை, கதவைத் திறக்கும்போதுதான். பிளாஸ்டிக் உறிஞ்சிய வாயு லேசில் போகாது. 50 டிகிரிச் சூட்டில் 12 மணி நேரம் காற்றாட விட வேண்டும்.

1984இல் அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை இந்த வாயுவுக்கு ஒரு வரம்பு வைத்தது: 8 மணி நேரச் சராசரியாக, காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இனிப்பான அதன் வாசனையோ, அதைப்போல் பல நூறு மடங்கு சேர்ந்த பிறகுதான் மூக்குக்கு எட்டும். மூக்கை நம்பும் ஊழியர் ஏமாந்துதான் போவார். மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று 1994இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இதை வகைப்படுத்தியது.

பழைய முறையில், கிருமி நீக்கிய பின் காற்றாட விட, கருவித் தட்டைக் கையில் ஏந்தி வேறு பெட்டிக்கு மாற்ற வேண்டும். புது இயந்திரங்களில் இரண்டு வேலையும் பூட்டிய ஒரே பெட்டிக்குள் முடிந்துவிடுகிறது.