வட்டமடித்த விமானமும் வாய் கட்டிய சுறாவும்

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை. அன்று சாயங்காலம் தூத்துக்குடி பழைய துறைமுகம் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடை வாசலில் வாழைக்கன்று, பாய்லருக்கு மூன்று பட்டை சந்தனம், கல்லாவில் பொட்டலம் பொட்டலமாகப் பொரி. மேலே தொலைக்காட்சியில் ஒரே செய்தி ஓடிக்கொண்டிருந்தது. திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், 141 பேரோடு, இறங்க முடியாமல் வானத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது என்றார்கள். சக்கரத்தில் ஏதோ கோளாறு என்றும் சொன்னார்கள்.

சக்கரம் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், பெஞ்சில் இருந்த ஓர் இளைஞன் ஆரம்பித்துவிட்டான். "எல்லா வண்டிக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்குனாங்க, இதுக்கு வைக்க மறந்துட்டாங்க போல." கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். "ஆயுத பூஜைக்கு ஆயுதத்துக்கு லீவு விடணும்லா, அதான் சக்கரம் வேலை செய்யல" என்றான் இன்னொருவன். அதற்கும் சிரித்தோம். அடுத்த நொடியே திரையில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நிற்பதைக் காட்டினார்கள். கையிலிருந்த டீ ஆறிப்போனது.

உள்ளே என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஜேசிபி எந்திரத்தின் கை எப்படி எண்ணெய் அழுத்தத்தால் ஏறி இறங்குகிறதோ, அதே மாதிரிதான் விமானத்தின் சக்கரங்களும் இன்னும் சில உறுப்புகளும் இயங்குகின்றன. ஹைட்ராலிக் என்று அதற்குப் பெயர். அதில்தான் கோளாறு. உடனே இறங்கலாமே என்றால், சார்ஜா வரை போவதற்கான எரிபொருள் வயிறு நிறைய இருக்கிறது. அந்தக் கனத்தோடு இறங்குவது ஆபத்து. சில பெரிய விமானங்கள் எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிடும். போயிங் 737க்கு அந்த வசதி கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். ஆகவே மாலை 5.40 மணி அளவில் ஏறிய விமானம் இரண்டரை மணி நேரம் சுற்றியது.

விமான நிலையம் அவசர நிலை என்று அறிவித்தது. விமான நிறுவனமோ, எங்கள் விமானிகள் அவசர நிலை எதையும் அறிவிக்கவில்லை, முன்னெச்சரிக்கையாகத்தான் சுற்றினார்கள் என்று அறிக்கை விட்டது. கீழே தீயணைப்பு வண்டி நிற்கிறது, மேலே அவசரமே இல்லை! இரண்டுமே தொழில்முறைப்படி சரியாக இருக்கலாம். ஆனால் டீக்கடைக்கு அது போதாதா?

இந்த அறிக்கையைக் கேட்டதும் எனக்கு நம் கடலின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்தது. முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்த காலத்தில், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்கென்றே ஆள் உண்டு. கடல்கட்டி என்று பெயர். அவன் கரையிலிருந்து மந்திரம் சொல்லாவிட்டால் குளிகாரர்கள் கடலில் இறங்க மாட்டார்கள். வெள்ளைக்காரச் சர்க்காரே அவனுக்குச் சம்பளம் கொடுத்தது. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன், மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பார்த்த ஐரோப்பியர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். ஒரு குளிகாரனின் காலைச் சுறா கவ்விக்கொண்டு போய்விட்டது. என்னய்யா உன் மந்திரம் என்று கடல்கட்டியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவன் அசரவில்லை. கொல்லத்திலிருந்து வந்த ஒரு கிழவி, பழைய பகையை மனதில் வைத்துக்கொண்டு எதிர்மந்திரம் போட்டுவிட்டாள், இப்போது நான் மறுபடி கட்டிவிட்டேன், இனி சுறா வந்தாலும் வாயைத் திறக்க முடியாது என்றான். கால் போனது போனதுதான். விளக்கம் மட்டும் முழுசாக வந்தது.

அதே திருச்சியில் 2018 அக்டோபர் 12ஆம் தேதி அதிகாலை நடந்ததற்கு வந்த விளக்கமும் இதற்குச் சளைத்ததில்லை. துபாய்க்குப் போக வேண்டிய விமானம், 136 பேரோடு மேலே ஏறும்போது விமான நிலையத்தின் சுற்றுச்சுவரை இடித்துத் தள்ளிவிட்டு அப்படியே பறந்துபோனது. ஹாஸ்டல் பையன்கள் சுவர் ஏறிக் குதித்துப் பார்த்திருக்கிறோம். விமானம் சுவரை இடித்துக்கொண்டு போனதை அன்றுதான் பார்த்தோம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று விமானிகள் சொன்னார்கள். அரபிக்கடல் பக்கம் போன பிறகு, விடியற்காலையில் மும்பையில் இறக்கிப் பார்த்தால், அடிவயிற்றில் தகடு கிழிந்து தொங்குகிறது. பிறகு வந்த விசாரணை அறிக்கை சொன்ன காரணம் இது: ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது தலைமை விமானியின் இருக்கை முதுகு பின்னால் சாய்ந்துவிட்டது. சாய்ந்த வேகத்தில் அவர் கையோடு எஞ்சின் விசையும் பின்னால் வந்து, எஞ்சினின் உந்துதல் குறைந்துவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. நாற்காலியால் ஆட்டம் கண்டவர்களின் கதை நம் மாநிலத்துக்குப் புதிதில்லைதான். ஆனாலும் 136 உயிர் ஒரு நாற்காலி முதுகில் தொங்கியிருக்கிறது.

இப்படிச் சிரிப்பது தப்பா என்று கேட்டால், முத்துக்குளித்த ஊர்க்காரன் தப்பென்று சொல்ல முடியாது. குளிகாரன் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவான். மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவன் அவனுடைய மச்சானாக இருக்க வேண்டும் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அண்ணன் தம்பி பிடித்தால் சொத்தில் ஒரு பங்கு குறையுமே என்று யோசித்துக் கயிற்றை விட்டுவிடுவானாம். மச்சான் விடமாட்டான், விட்டால் அக்காள் தாலியறுத்துத் தன் வீட்டுக்கே வந்துவிடுவாள். இதைவிடக் கறுத்த நகைச்சுவை எங்கே இருக்கிறது? ஆனால் அதைச் சொன்னவர்கள் கயிற்றின் இரண்டு முனையிலும் இருந்தவர்கள். கரையில் சிப்பி ஏலம் எடுக்க வந்தவன் சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும்.

வானத்திலும் அப்படித்தான். 1982 ஜூனில் இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானத்தில் நான்கு எஞ்சினும் நின்றுபோயின. கேப்டன் எரிக் மூடி பயணிகளிடம், ஒரு சின்னப் பிரச்சினை, நான்கு எஞ்சினும் நின்றுவிட்டன, முடிந்தவரை முயல்கிறோம், நீங்கள் ரொம்பச் சிரமப்படவில்லை என்று நம்புகிறேன் என்ற பொருளில் அறிவித்தார். சின்னப் பிரச்சினையாம்! எஞ்சின்கள் மறுபடி உயிர்பெற்றதும், சாம்பல் தேய்த்து மங்கிய கண்ணாடி வழியே பார்த்து விமானத்தை ஜகார்த்தாவில் இறக்கினார். அவர் கையில் கயிறு இருந்தது, அதனால் அவர் சொல்லலாம்.

டீக்கடைக்கு வருகிறேன். ஓரத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கொழும்புத் தோணியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். இவ்வளவு சிரிப்பிலும் அவர் வாயைத் திறக்கவில்லை. சார்ஜா விமானத்தில் போகிறவர்கள் யார் என்று அவருக்குத் தெரியும். லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகிறவன், முதல் முறையாகக் கடன் வாங்கிப் போகிறவன். அவன் வீட்டில் அந்த நேரம் இதே தொலைக்காட்சிதான் ஓடிக்கொண்டிருக்கும். இரவு எட்டேகால் மணி வாக்கில் விமானம் சக்கரத்தை ஊன்றி ஒழுங்காக இறங்கியது. ஒருவருக்கும் காயமில்லை. பெரியவர் எழுந்து துண்டை உதறினார். எலுமிச்சம்பழப் பையனைப் பார்த்து, "ஏல, இப்பம் சொல்லு அத, சிரிப்போம்" என்றார்.

அவன் சொல்லவில்லை.

நம்ம வாகைக்குளம் விமான நிலையத்தில் 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையை இப்போது 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள். புது முனையமும் 2025 ஜூலையில் திறந்தாயிற்று. இனி பெரிய விமானங்கள் நம் தலைக்கு மேலேயும் வரும். ஒன்று இறங்காமல் சுற்றினால், நேயர்களே, அது இறங்கும்வரை எலுமிச்சம்பழத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.