பரண் கட்டும் முன் பஞ்சு ஊதுங்கள்



சிவராத்திரிக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். வேடன் ஒருவன் மானுக்காகத் தண்ணீர்த் துறையோரம் ஒரு வில்வ மரத்தில் ஏறி உட்காருகிறான். தூக்கம் வராமலிருக்க இலையைக் கிள்ளிக் கிள்ளிக் கீழே போடுகிறான். மரத்தடியில் லிங்கம். விடிவதற்குள் அவனுக்கு மோட்சம். கோயிலில் இதைச் சொல்லும்போதெல்லாம் மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நான் தச்சு வேலைக்காரன், என் புத்தி வேறு பக்கம் போகும். மரத்தை எங்கே பிடித்தான் பாருங்கள், தண்ணீருக்குப் பக்கத்தில். அது சரியான இடம். ஆனால் ஏறி உட்கார்ந்த பிறகு கை சும்மா இருந்ததா? இலை போடுகிறான், குடுவைத் தண்ணீரைச் சிந்துகிறான். வந்த மான் எல்லாம் அவனைக் கண்டுபிடித்துவிட்டது, நின்று பேச்சும் கொடுத்தது! தேய்பிறைச் சதுர்த்தசி வேறு, நிலா கிடையாது. மோட்சத்துக்கு நல்ல ராத்திரி, வேட்டைக்கு ஆகாத ராத்திரி.

இன்றைக்குப் பேசப்போவது அந்த வேடன் உட்கார்ந்த இடத்தைப் பற்றித்தான். பரண். அடுப்படிக்கு மேலே பழைய அண்டா கிடக்குமே, அந்தப் பரண் இல்லை. காட்டிலும் கொல்லையிலும் மரத்தில் கட்டும் பரண். தினைப்புனத்தில் வள்ளி கவணோடு நின்றாளே, அது. பழைய இலக்கியத்தில் இதற்கு இதணம் என்று ஒரு பெயர். மலாய்க்காரர்கள் பும்புன் என்பார்கள். தாமான் நெகாராவுக்குப் போனவர்கள் பும்புன் கும்பாங், பும்புன் தாஹான் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உப்புமண் இருக்கும் இடத்துக்கு எதிரே தூண் நிறுத்திக் கட்டிய மறைவிடங்கள். அந்த உப்புமண் இடத்தைச் சீரா என்போம். ரூசா, கீஜாங் என்ற மான்கள், தாப்பிர், யானை எல்லாம் உப்புச் சத்துக்காக அங்கே வந்து சேற்றை நக்கும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் வீட்டுக் கதவைத் தட்டக்கூடாது. தீபகற்ப மலேசியாவில் 2009-லிருந்து ரூசாவையும் கீஜாங்கையும் வேட்டையாடுவதை நிறுத்தி வைத்தார்கள். முதலில் ஆறு வருஷம், அப்புறம் 2021 வரை என்று நீட்டினார்கள். காரணம் சின்னதல்ல. ரூசா புலியின் சாப்பாடு. 2016 முதல் 2020 வரை தீபகற்பம் முழுக்க எடுத்த கணக்கில், காட்டில் மிஞ்சிய மலாயாப் புலி 150-க்கும் குறைவு என்று தெரிய வந்தது. அதனால் நான் கட்டுகிற பரணில் துப்பாக்கிக்கு இடமில்லை. ஏறுகிறவன் கண்ணையும் காதையும் கொண்டுவந்தால் போதும். இது என் ஞானம் இல்லை. தியோடர் ஹப்பேக் என்ற வெள்ளைக்காரர் யானை, செலாடாங் (காட்டுமாடு) வேட்டையைப் பற்றி 1905-ல் புத்தகமே போட்டவர். அவர்தான் பின்னாளில் தேசியப் பூங்கா வேண்டும் என்று சுல்தான்களிடம் நடையாய் நடந்தார். ஆனால் ஒன்று, வேட்டைக்காரனுக்கும் பார்க்க வருகிறவனுக்கும் பரண் போடும் இடம் ஒன்றேதான். மானுக்கு நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியாதே.

சரி, இடம். எங்கே போடுவது? யாரைக் கேட்டாலும் “நல்லா தெரியிற இடத்துல போடு” என்பார்கள். தப்பு. நீங்கள் அதைப் பார்ப்பதற்கு முன்னால் அது உங்களை மோந்துவிடும். எங்கள் குனோங் ராபாட் ஊர் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஹியோங் பியா பிஸ்கட் சுடும் வாசம் ஒரு நாள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும், மறுநாள் அதே நேரம் ஒன்றும் இருக்காது. அடுப்பு அணையவில்லை, காற்று திரும்பியிருக்கிறது. சின்ன வெங்காயமும் மால்ட் சர்க்கரையும் வேகிற அந்த வாசத்தை வைத்தே மழை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று என் வீட்டுக்காரி சொல்லிவிடுவாள்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் என் அப்பா. பால்மரம் வெட்டுகிறவர். இன்றைக்குத் தாமான் வீடுகளாக நிற்கும் இடத்தில் அன்றைக்குத் தோட்டம். லயத்துக்குப் பின்னால் ஆளுக்கு ஒரு துண்டு மரவள்ளி போட்டிருப்பார்கள், ராத்திரியானால் பன்றி வந்துவிடும். அப்பாவிடம் துப்பாக்கி ஏது? அவசர காலத்தில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்று பார்த்து வளர்ந்த தலைமுறை அது. ஒரு பிஸ்கட் டின், ஒரு கட்டை, ஒரு பரண், அவ்வளவுதான். பரண் கட்டும் முன் சட்டைப் பையிலிருந்து இலவம்பஞ்சை ஒரு சிட்டிகை எடுத்து ஊதுவார். எனக்கு ஏழெட்டு வயது, விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். “டேய், ஓடாத. அது எங்க போவுதுன்னு மட்டும் பாரு. பஞ்சு போற எடத்துக்கெல்லாம் நம்ம வாடையும் போவும்.”

நான் வளர்ந்து கெட்டிக்காரனான பிறகு பஞ்சுக்குப் பதில் முகப்பவுடரைத் தட்டிப் பார்த்தேன். பவுடர் நன்றாகத்தான் பறந்தது. ஆனால் அது மணக்குமே! நான் வரப்போகிறேன் என்று முன்கூட்டியே தபால் போட்ட மாதிரி. திருநீறு பரவாயில்லை. இருந்தாலும் நாலடியில் கரைந்துவிடும். பஞ்சு அப்படியில்லை. முப்பது நாற்பது அடிக்குக் கண் கூடவே போகும். மரத்தைச் சுற்றிக்கொண்டு காற்று எங்கே திரும்புகிறது, எங்கே தேங்கி நிற்கிறது என்று வரைந்து காட்டிவிடும்.

பஞ்சை வைத்து நீங்களே ஒன்றைப் பார்க்கலாம். சரிவான இடத்துக்குப் போங்கள். காலையில் வெயில் ஏறினால் தரை சூடாகி, காற்று சரிவோடு மேலே ஏறும், பஞ்சும் மேலே ஏறும். சாயங்காலம் ஆறரை மணிக்கு அதே இடத்தில் ஊதுங்கள். தோள் உயரத்தில் கொஞ்சம் தயங்கும். அப்புறம் யாரோ நூல் கட்டி இழுத்தாற்போல் ஓடையோரமாகக் கீழே இறங்கும். குளிர்ந்த காற்று தண்ணீர் போலப் பள்ளத்தைத் தேடும். ஆகவே காலையில் உட்காருகிறவன் மான் தடத்துக்கு மேலே, சாயங்காலம் உட்காருகிறவன் தடத்துக்குக் கீழே. “அப்போ ரெண்டு பரண் வேணுமா?” என்றால், ஆமாம். அமெரிக்காவில் மான் வேட்டை சட்டப்படி நடக்கிற இடங்களில்கூட, காற்றைப் பார்த்து இன்றைக்கு எதில் ஏறுவது என்று முடிவு செய்ய இரண்டு மூன்று பரண் வைத்திருப்பார்கள்.

இவ்வளவு தெரிந்தவன் ஒழுங்காகக் கட்டியிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? கேளுங்கள். சில வருஷங்களுக்கு முன் கிரிக் ஊருக்கு மேலே, காட்டு விலங்குகளைப் பார்க்க ஆசைப்பட்ட ஒரு சின்னக் குழுவுக்காக ஒரு சீராவின் எதிரே மறைவிடம் கட்டப் போனேன். போனவுடன் ஓடையின் மேல்பக்கம் ஒரு மேடு கண்ணில் பட்டது. சீரா முழுதும் தாம்பாளத்தில் வைத்தாற்போல் தெரிந்தது. காட்சியில் மயங்கிவிட்டேன். பஞ்சு பையிலேயே இருந்தது. பலகைக்குக் கறையான் எண்ணெய் வேறு இரண்டு கை பூசினேன், மேஸ்திரி புத்தி. மூன்று ராத்திரி உட்கார்ந்தோம், ஒரு பெருச்சாளிகூட வரவில்லை.

நாலாம் நாள் படகில் அரிசி கொண்டுவந்தவர்களோடு ஒரு ஜஹாய்ப் பெரியவர் வந்தார். என் மறைவிடத்துப் பக்கமே வரவில்லை. நேரே சீராவுக்குப் போய்ச் சேற்றோரம் குந்தினார். பொழுது சாய்கிற நேரம். கொஞ்ச நேரம் மூக்கை இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு, மலாயில் கேட்டார்: “மேலே சார்டின் டின் திறந்தது யார்?” நாற்பது அடி தூரம்! திறந்தது நான்தான். மத்தியானம் தின்றது. டின்னைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்திருந்தேன்.

நேயர்களே, இந்த ஜஹாய் மக்களைப் பற்றி ஒரு நிமிஷம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் பேராக்கின் வடக்குக் காட்டுப் பக்கத்து மக்கள். அசிஃபா மஜீத், நிக்லாஸ் பியூரன்ஹுல்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இவர்களோடு வேலை செய்து 2014-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் நிறத்தைக் காட்டினால் சட்டென்று பெயர் சொல்கிறார்கள், வாசனையைக் கொடுத்தால் திணறுகிறார்கள். ஜஹாய் மக்களோ நிறத்துக்குச் சொல்வது போலவே வாசனைக்கும் சுலபமாகப் பெயர் சொல்கிறார்கள். வாசனைக்கென்றே சுமார் ஒரு டஜன் சொல் வைத்திருக்கிறார்கள். அதிலே ஒன்று, புலியை இழுத்துவரும் ரத்த வாடைக்கு மட்டும். நசுக்கிய பேனுக்கும் அணில் ரத்தத்துக்கும் அந்தச் சொல்தான். யோசித்துப் பாருங்கள், புலி இருக்கும் காட்டில் அது எவ்வளவு அவசியமான சொல்!

நாம் மட்டும் இளைத்தவர்களா? மீனுக்குக் கவிச்சி, ஆட்டுக்கு மொச்சை, மிளகாய் வறுத்தால் நெடி, பழைய எண்ணெய்க்குச் சிக்கு வாடை, காயாத துணிக்கு முடை, பழைய சோற்றுக்குப் புளிச்ச வாடை. என் பேரப்பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் “நாறுது தாத்தா” என்ற ஒரே சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். நாற்றம் என்பதே ஒரு காலத்தில் நறுமணம் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அதை இன்னொரு நாள் பேசுவோம்.

வாடையைப் பற்றி அப்பாவின் இன்னொரு தந்திரம். பன்றிக் காவலுக்குப் போகும்போது துவைத்த சட்டையே போடமாட்டார். காலையில் பால் வெட்டப் போட்ட அதே சட்டை, ஒட்டுப்பால் வீச்சம் குடலைப் பிடுங்கும். அம்மா திட்டுவார். ஆனால் தோட்டம் முழுக்க அந்த வாடைதானே? அது அங்கே மரம் மாதிரி, மண் மாதிரி. அப்பா அதற்குள் ஒளிந்துகொண்டார்.

சரி, சீராவுக்குத் திரும்புவோம். அந்த ஜஹாய்ப் பெரியவர் இடத்தை மாற்றச் சொன்னார். சொன்னபடி மறைவிடத்தைப் பிரித்து, சீராவுக்குக் கீழ்ப்பக்கம், ஒரு மூங்கில் புதருக்குப் பின்னால் கட்டினோம். பாதிச் சீரா மறைந்துவிட்டது. எனக்கு மனசே இல்லை. எண்ணெய் பூசிய பலகையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, அங்கேயே வெட்டிய மூங்கிலையும் பிரம்பையும் வைத்துக் கட்டினோம். கட்டின உடனே ஏறவும் இல்லை. இரண்டு வாரம் சும்மா விட்டுவிட்டு வந்தோம்.

அங்கே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வானொலி நிலையத்துத் தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். காற்றிலேயே நேரத்தையெல்லாம் விட்டுவிட்டேன். மிச்சத்தை ஓட்டமாகச் சொல்கிறேன். உயரம் 15 முதல் 20 அடி போதும், அதற்கு மேலே போனால் மானின் முதுகுதான் தெரியும். பின்னால் உங்களைவிடப் பருத்த மரம் ஒன்று இருக்கட்டும், வானத்துக்கு எதிரே உருவம் தெரியக்கூடாது. சூரியனைப் பார்த்து உட்காராதீர்கள். பரணுக்குப் போகும் வழி மான் தடத்தை மிதிக்காமல் போகட்டும். ஏறும் முன் அண்ணாந்து பாருங்கள், காய்ந்த கிளை, கதண்டுக் கூடு, முசுறு எறும்பு இருந்தால் அந்த மரம் வேண்டாம். பால்மரம் வேண்டவே வேண்டாம், காற்றடித்தால் பட்டென்று முறியும். தரையை விட்டுக் கால் எடுக்கும்போதே இடுப்பு, தோள், தொடை எல்லாம் பிடிக்கிற கட்டுவாரைப் போட்டுக்கொள்ளுங்கள். பரண் ஏறுகிறவர்களை மான் முட்டியதில்லை, விழுந்துதான் எலும்பை முறித்துக்கொள்கிறார்கள். சாமான்களைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள், மேலே போய்க் கயிற்றில் இழுத்துக்கொள்ளுங்கள். ரோயல் பெலும் பக்கம் போகிறவர்கள் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள், அது 2007-லிருந்து மாநிலப் பூங்கா.

ரூசா வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. புது இடத்தில் முதல் ராத்திரி, விடியக் கொஞ்சம் முன்னால். முதலில் சேறு உறிஞ்சும் சத்தம், சூடான காப்பியை உறிஞ்சுகிற மாதிரி. அப்புறம்தான் மூங்கில் இடுக்கில் அந்தப் பெரிய காது தெரிந்தது, ஒன்று முன்னால், ஒன்று பின்னால், தனித்தனியாகத் திரும்புகிற காது. பஞ்சு என் பக்கமிருந்து கீழேதான் போய்க்கொண்டிருந்தது. மூச்சைக்கூடப் பாதியாக விட்டேன். எல்லாம் சரியாக இருந்தது, என் முழங்கையைத் தவிர. பக்கத்தில் வைத்திருந்த பிளாஸ்க் மூடி அதில் பட்டு, பரண் மூங்கிலில் ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. ரூசா நிமிர்ந்து நேரே என்னைப் பார்த்தது. முன்னங்காலைத் தரையில் ஓங்கி ஒரு முறை வைத்தது. ‘டாங்க்’ என்று ஒரு கத்தல், நெஞ்சில் மத்தளம் தட்டினாற்போல். அவ்வளவுதான். வில்வ மரத்து வேடனிடமாவது மான் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனது.

உங்களில் யாருக்காவது அந்தக் கத்தலைக் கேட்கிற கொடுப்பினை வாய்க்கட்டும். போகும்போது பிளாஸ்க் மூடியைத் திருகி வையுங்கள், சார்டின் வேண்டாம்.