கல்லூரி உதவித்தொகையும் குடும்ப வருமானமும்



மேனிலைப் பள்ளித் தேர்வின் முடிவு வந்ததும் நம் இல்லங்களில் எழுகின்ற கேள்வி, எந்தக் கல்லூரி என்பது மட்டுமன்று. பணத்துக்கு என்ன வழி என்பதும் ஆகும். அரசினர் உதவி உண்டு என்பதைப் பலரும் அறிவர். தமக்கு அது கிட்டுமா என்பதைத்தான் தவறாகக் கணித்துவிடுகின்றனர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்து, எத்தனையோ விண்ணப்பங்களிற் கையொப்பமிட்டவன் நான். தகுதியில்லாதவர் கேட்டு ஏமாந்ததைக் காட்டிலும், தகுதியுள்ளவர் கேளாமலே இருந்துவிட்டதையே மிகுதியாகக் கண்டிருக்கிறேன்.

இதற்குக் காரணம், வருமானம் இன்னது, சேமிப்பு இன்னது என்று பிரித்து அறியாமையே. ஓராண்டில் வீட்டுக்கு வந்து சேர்வது வருமானம். செலவு போக எஞ்சி நிற்பது சேமிப்பு. ஒன்று வாய்க்காலில் வருகிற நீர். மற்றொன்று ஏரியில் நிற்கிற நீர். நம் நாட்டு உதவித்தொகைத் திட்டங்களிற் பெரும்பாலானவை வாய்க்காலைத்தான் அளக்கின்றன. வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள், அஞ்சலகத்தில் எவ்வளவு கட்டியிருக்கிறீர்கள் என்று அவை கேட்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ஒரு தந்தையார் 3,00,000 ரூபாயை வங்கியில் வைப்பாக வைத்திருக்கிறார் என்க. நூற்றுக்கு ஏழு வட்டி என்றால், ஆண்டுக்கு 21,000 ரூபாய் வரும். அந்த 21,000 வருமானக் கணக்கிற் சேரும். மூன்று லட்சம் சேராது. ஆதலால், “மகளுக்கென்று கொஞ்சம் பணம் போட்டு வைத்திருக்கிறோம், இனி நமக்கு உதவித்தொகை எங்கே கிடைக்கப்போகிறது?” என்று கவலையுறும் பெற்றோர் அக்கவலையை விட்டொழிக்கலாம். சொத்தையும் சேர்த்துப் பார்க்கும் விதி நம் நாட்டில் அறவே இல்லை என்று எண்ணிவிடவும் வேண்டா. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர்க்கென 2019-இல் மைய அரசு கொண்டுவந்த இடஒதுக்கீட்டில், ஆண்டு வருமானம் 8,00,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தாலும், குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் வேளாண் நிலம் இருந்தால் தகுதி போய்விடும். ஆனால் அது இடஒதுக்கீடு, உதவித்தொகை அன்று.

இனி, யாருடைய வருமானம் என்ற கேள்வி. இங்கேதான் பலர் தடுக்கி விழுகின்றனர். ஆதிதிராவிட மாணவர்க்குரிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. எனக்குத் தெரிந்த மாணவி ஒருத்தி. தாய் தந்தையர் இருவரும் வயற்கூலிகள். இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1,40,000 ரூபாய் வரும். அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் மாதம் 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தான். வீட்டார் அவனுடைய 1,80,000-ஐயும் கூட்டினர், 3,20,000 ஆயிற்று, “நமக்கில்லை” என்று வாளா இருந்துவிட்டனர். அப்பெண் கல்லூரியை விட்டு, துணிக்கடை வேலைக்குப் போக ஆயத்தமாயிருந்தாள். அத்திட்டத்தின் விதியோ, தாய் தந்தையருள் ஒருவரேனும் உயிரோடிருக்கும்வரை அவர்கள் வருமானத்தையே கணக்கிற் கொள்ள வேண்டும், வேறெவர் சம்பாதித்தாலும் சேர்க்கலாகாது என்று தெளிவாகக் கூறுகிறது. அண்ணன் சம்பாதிப்பது தங்கையின் படிப்புக்குத் தடையன்று! விதியைப் படித்துக் காட்டிய பிறகு விண்ணப்பம் போயிற்று; அவளும் படித்தாள். ஆனால் எல்லாத் திட்டங்களுக்கும் விதி ஒன்றன்று. சிலவற்றில் ‘பெற்றோர் வருமானம்’ என்றும், சிலவற்றில் ‘குடும்ப வருமானம்’ என்றும் இருக்கும். அந்த ஒரு சொல்லைக் கூர்ந்து படியுங்கள்.

வருமானமே கேளாத உதவிகளும் உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குச் செல்பவர்க்குத் தமிழ்நாட்டில் 2010-11 முதல் அளிக்கப்படும் கட்டணச் சலுகைக்கும், அரசுப் பள்ளியிற் படித்த மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்துக்கும் வருமான வரம்பு கிடையாது.

வரம்பு என்பது கத்தி முனை போன்றது. 2,49,000 ரூபாய் வாங்குபவர் வீட்டுப் பிள்ளைக்கு உதவி உண்டு. 2,51,000 வாங்குபவர் பிள்ளைக்கு இல்லை. நடுவிலுள்ள 2,000 ரூபாயைக் கொண்டு எந்தக் கல்லூரியில் ஒரு பருவமேனும் படிக்க முடியும்? மேலும், அந்த வரம்பு 2013-14-இல் விதிக்கப்பட்டது. அரிசி விலையும் கூலியும் அங்கேயே நின்றுவிடவில்லை. எனக்கு இது நியாயமாகத் தோன்றவில்லை. ஐ.ஐ.டி. நிறுவனங்களில் இரண்டு படிகளேனும் வைத்திருக்கின்றனர். 2016-இல் கட்டணத்தை ஆண்டுக்கு 2,00,000 ரூபாயாக உயர்த்தியபோது, குடும்ப வருமானம் 1,00,000-க்கு உட்பட்டவர்க்கு முழு விலக்கும், 5,00,000 வரையுள்ளவர்க்கு மூன்றில் இரு பங்கு விலக்கும் அளித்தனர்.

அமெரிக்க நாட்டினர் வேறு வழியிற் செல்கின்றனர். அங்கே வருமானத்தோடு சேமிப்பையும் ஒரே சூத்திரத்திலிட்டு, 2024-25 முதல் ‘மாணவர் உதவிக் குறியீட்டெண்’ என்னும் ஓர் எண்ணைக் கணிக்கின்றனர். குடியிருக்கும் வீட்டையும் ஓய்வுக்காலச் சேமிப்பையும் விட்டுவிடுவர். பெற்றோரின் மற்றச் சேமிப்பில் மிகுதியாகப் போனால் நூற்றுக்கு 5.64 பங்கையும், மாணவன் தன் பெயரில் வைத்திருப்பதில் 20 பங்கையும் படிப்புக்குத் தரக்கூடியது என்று கொள்வர். வருமானம் சிறிது ஏறினால் உதவி சிறிது குறையுமே ஒழிய, ஒரேயடியாய் அற்றுப்போவது அரிது. அம்முறை நுட்பமானது, ஆனால் படிவத்தை நிரப்புவதே பெரும்பாடு என்று அந்நாட்டாரே நெடுங்காலம் குறைகூறி வந்தனர்.

நம் நாட்டிலோ வருமானச் சான்றிதழ் ஒன்றே திறவுகோல். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் அது வழங்கப்பெறும். உள்ளதைக் குறைத்துச் சொல்லி வாங்குவோரும் உளர். பின்னர் உண்மை வெளிப்பட்டால் பணத்தைத் திருப்பிக் கட்ட நேரிடும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். உண்மையிலேயே ஏழையாகிய மற்றொருவனுடைய விண்ணப்பத்தையும் அதிகாரிகள் ஐயக்கண்ணோடு பார்க்கும்படி ஆகிவிடுகிறதே, அதுவே எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது.

உதவித்தொகை போதாதவர்க்குக் கல்விக் கடன் இருக்கிறது. குடும்ப வருமானம் 4,50,000 ரூபாய்க்கு உட்பட்டுத் தொழிற்படிப்புப் படிப்பவர்க்குப் படிக்கும் காலத்துக்கும் அதற்குமேல் ஓராண்டுக்குமான வட்டியை மைய அரசே ஏற்கும் திட்டம் 2009-10 முதல் இருந்து வருகிறது. இவ்விடத்திற்றான் சேமிப்பு துணைக்கு வருகிறது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4,00,000 ரூபாய் வரையுள்ள கடனுக்கு நாம் கைப்பணம் போட வேண்டுவதில்லை. அதற்கு மேற்பட்டால், உள்நாட்டுப் படிப்புக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு நம்முடையதாக இருக்க வேண்டும். 6,00,000 ரூபாய்ச் செலவுள்ள நான்காண்டுப் படிப்புக்கு அது 30,000 ரூபாய். ஒரே தவணையாகவும் கேட்கமாட்டார்கள். ஆண்டுதோறும் பகுதி பகுதியாகக் கட்டலாம். ஆண்டுக்கு 7,500, மாதத்துக்கு 625 ரூபாய். கிடைத்த உதவித்தொகையையும் அதற்கு ஈடாகக் காட்டலாம் என்பதை வங்கியிற் கேட்டுக்கொள்ளுங்கள்.