இல்லறத்துக்கு ஓர் உலா

(யூபிலி விழாவையொட்டி நடந்த தம்பதியர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

தம்பதியரின் ஓய்வு நேரத்தைப் பற்றிப் பேசும்படி எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். தலைப்பை அறிவித்தபோது உங்களில் சிலர் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பின் பொருள் எங்களுக்கும் தெரியும். வானம் பார்த்த பூமியில் பருத்தியும் மக்காச்சோளமும் போட்டுவிட்டு, ஒரு கண்ணை மழைமீதும் மறு கண்ணை விலைமீதும் வைத்திருக்கிற நமக்கு ஓய்வு ஏது, உலா ஏது என்பதுதானே அது? நியாயமான கேள்விதான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறோம்.

நம் ஊர்ப்பக்கத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து வெளியே புறப்படுவது எதற்காக என்று சற்று எண்ணிப் பாருங்கள். கல்யாணத்துக்குப் போகிறோம், துக்கத்துக்குப் போகிறோம், ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், நகையை அடகு வைக்கப் போகிறோம். போன இடத்திலும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். திரும்பி வரும்போது பஸ்ஸில் பேசுவது மொய்க்கணக்கும் வட்டிக்கணக்கும்தான். காட்டிலும் களத்திலும் இருவரும் அருகருகே நின்று உழைக்கிறோம், மறுக்கவில்லை. ஆனால் அழகான ஒன்றின் முன்னே இருவரும் சேர்ந்து நின்று, "இதைப் பாரேன்" என்று ஒருவருக்கொருவர் சொன்னது எப்போது?

இது சிறிய விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். பிள்ளைகள் படித்து முடித்துச் சென்னைக்கும் திருப்பூருக்கும் கடல் கடந்தும் போய்விடுகிறார்கள். வீட்டில் மிஞ்சுவது இரண்டு பேர். இருபத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளைப் பற்றியும் கடனைப் பற்றியும் மட்டுமே பேசியிருந்தால், அவை நீங்கிய அன்று அந்த இருவருக்கும் பேச ஒன்றுமிராது. தொலைக்காட்சி மட்டும் பேசிக்கொண்டிருக்கும். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஆனால் உறவும் இல்லை. சண்டையைக் கண்டால் ஊரார் வந்து விலக்குவார்கள். இந்த மௌனத்தை விலக்க யாரும் வரமாட்டார்கள். அதனால்தான் இது மிகவும் ஆபத்தானது என்கிறோம்.

அன்பர்களே, உலா போவது உலகப்போக்கு, பக்திக்கு ஆகாது என்று நினைப்பவர்கள் உண்டு. திருக்குடும்பத்தைப் பாருங்கள். சூசையப்பரும் மரியாளும் ஆண்டுதோறும் பாஸ்கா விழாவுக்கு நாசரேத்திலிருந்து எருசலேமுக்குப் போனார்கள் என்று லூக்கா எழுதுகிறார். ஒருமுறை அல்ல, ஆண்டுதோறும். பல நாள் நடை. உறவினரும் ஊராரும் உடன் வந்த பயணம். தச்சுத் தொழிலாளியின் குடும்பத்தில் வசதி கொட்டிக் கிடக்கவில்லை. ஆனாலும் உளியை வைத்துவிட்டுப் புறப்பட அவர்களுக்கு ஒரு பருவம் இருந்தது. ஆண்டவர் இயேசுவும், உண்ணவும் நேரமின்றி உழைத்த சீடர்களைத் தனியான இடத்துக்கு வந்து சற்றே இளைப்பாறச் சொன்னார். ஓய்வு, கலை, பயணம் ஆகியவை மனிதனைப் பண்படுத்தும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட ஏட்டில் கூறியது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் குடும்பங்களுக்கு எழுதிய மடலிலும், அன்புக்கு நேரம் வேண்டும், அவசரமில்லாத நேரம் வேண்டும் என்று வற்புறுத்தினார்.

சரி, எங்கே போவது? ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகச் சொல்ல நாங்கள் வரவில்லை. வாலிகண்டபுரத்தைச் சுற்றி ஆண்டவர் படைத்து வைத்தவையும் மனிதர் செய்து வைத்தவையும் எத்தனையோ உள்ளன. பருவத்துக்கு ஒன்றாகச் சொல்லுகிறோம்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும், மேற்கே நிற்கும் பச்சைமலை தன் பெயருக்கு ஏற்ற நிறம் கொள்கிறது. லாடபுரம் பக்கத்து மயிலூற்றில் தண்ணீர் விழும். மழை ஓய்ந்த சில வாரங்களில் அது மெலிந்துவிடும். ஆகவே "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட முடியாது. இதுதான் பருவம் நமக்குக் கற்பிக்கும் முதல் பாடம். இல்லறத்திலும் சில நாட்கள் அப்படித்தான், தள்ளிப்போட்டால் வற்றிவிடும். ஒன்று மட்டும் எச்சரிக்கை: வெள்ளம் பெருகும் நாளில் அருவிக்குள் இறங்க வேண்டாம், கரையில் நின்று பார்த்தாலே போதும்.

மார்கழி பிறந்தால் நமக்கே உரிய கண்காட்சி ஒன்று வருகிறது. அதுதான் கிறிஸ்துமஸ் குடில். 1223-இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற சிற்றூரில் அசிசியின் புனித பிரான்சிஸ் பாலன் பிறப்பைக் கண்முன் காட்டும் குடிலை அமைத்தார். எண்ணூறு ஆண்டுகள் கழிந்தும் நம் தெருக்களில் வைக்கோலும் களிமண்ணும் கொண்டு இளைஞர்கள் அதையே செய்கிறார்கள். ஓர் இரவு, இருவருமாகப் பக்கத்துப் பங்குகளின் குடில்களைப் பார்த்து வாருங்கள். எந்தக் குடிலில் சூசையப்பர் முகம் நன்றாக அமைந்திருக்கிறது, எதில் நம் ஊர் ஆட்டுக்கிடை போலவே இருக்கிறது என்று பேசிக்கொண்டு நடந்து வாருங்கள். செலவு ஒன்றுமில்லை.

தை, மாசியில் மக்காச்சோளம் வீடு வந்து சேரும். பருத்தி எடுப்பில் ஒரு நாள் இடைவெளி கிடைக்கும்போது, திருமானூர்ப் பக்கம் ஒரு பயணம் வைத்துக்கொள்ளலாம். அங்கே கரைவெட்டி ஏரி இருக்கிறது. மேட்டூரில் திறக்கும் காவிரித் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிரப்பும் ஏரி அது. 1999-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பரப்பு சுமார் 454 ஹெக்டேர். நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே வரும் விருந்தாளிகளில் பட்டைத்தலை வாத்து ஒன்று. தலையில் இரண்டு கறுப்புப் பட்டை இருக்கும். நடு ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிற பறவை. இணை சேர்ந்தால் பொதுவாகப் பிரியாத பறவை. அதிகாலையில் கரைமீது நின்று அதைக் கண்டுபிடியுங்கள். ஒருவர் கண்ணுக்குத் தட்டுப்பட்டதை மற்றவருக்கு விரல் நீட்டிக் காட்டுங்கள். எத்தனை நாள் பேசாதிருந்தவர்களுக்கும் அங்கே பேச்சு வந்துவிடும்.

அன்றைக்கே ஏலாக்குறிச்சிக்கும் போகலாம். அடைக்கல அன்னையின் திருத்தலம் நமக்குத் தெரியாததல்ல. நேர்த்திக்கடனுக்காகப் பலமுறை போயிருக்கிறோம். இம்முறை வேண்டுதலோடு நன்றியையும் கொண்டு போங்கள். இத்தாலியில் 1680-இல் பிறந்த கொன்ஸ்தாந்து யோசேப்பு பெஸ்கி என்ற வீரமாமுனிவர் வாழ்ந்து தமிழ்ப்பணி செய்த திருக்காவலூர் அதுதான். அவர் பாடிய தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட காப்பியம். அதன் தலைவர் யார் தெரியுமா? அரசனல்ல, போர்வீரனல்ல, குடும்பத்தைக் காத்த சூசையப்பர். ஒரு கணவரைக் காப்பியத் தலைவராக்கிய நூல் நம் மாவட்ட எல்லையைத் தாண்டியதும் இருக்கிற மண்ணோடு தொடர்புடையது. இதைத் தம்பதியர் அறிந்திருக்க வேண்டாமா?

தவக்காலமும் உயிர்ப்பு விழாவும் முடிந்து சித்திரை வெயில் ஏறும்போது, வெள்ளென எழுந்து ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போகலாம். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியே அதைப் பார்த்திருக்கிறோம்; ஏறிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அகழியும் அடுக்கடுக்கான மதில்களும் இன்றும் நிற்கின்றன. 1751-இல் பிரெஞ்சுக்காரர் துணையோடு சந்தா சாகிபும், ஆங்கிலேயர் துணையோடு முகமது அலியின் படைகளும் மோதியது இந்த வாலிகண்டபுர வட்டாரத்தில்தான். அந்தப் பீரங்கிகள் எங்கே? மதில்மேல் காற்று மட்டும் வீசுகிறது. இருவரும் அங்கே நின்று நம் பட்டி தொட்டிகளை ஒரே பார்வையில் பார்க்கும்போது, வீட்டில் நடந்த வீம்புச் சண்டைகள் சிறுத்துப் போகும்.

அவை இன்னும் சிறுக்க வேண்டுமானால் சாத்தனூருக்குப் போங்கள். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கமெல்லாம் கடல். அக்காலத்து மரம் ஒன்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மண்ணும் மணலும் மூடி, சிறிது சிறிதாகக் கல்லாயிற்று. 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்தக் கல்மரத்தை 1940-இல் நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் உலகுக்கு எடுத்துக் கூறினார். அரியலூர்ச் சிமெண்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல்லும் அந்தப் பழைய கடல் விட்டுச் சென்ற சொத்தே. படைத்தவருடைய பொறுமை எவ்வளவு என்று அந்த மரத்தைப் பார்த்தால் விளங்கும். அந்தப் பொறுமையில் ஒரு துளியை வீட்டுக்கு எடுத்து வாருங்கள் என்று வேண்டுகிறோம்.

ஆடி, ஆவணியில் விதைப்புக்கு முன் கிடைக்கும் நாட்களைக் கலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரிலேயே வாலீசுவரர் கோயில் என்னும் சோழர் காலக் கற்றளி இருக்கிறது. வழிபாடு அவரவர் சமயத்துக்கு உரியது. கல்லில் கைவைத்தவனின் திறமையை மதிப்பது எல்லோருக்கும் பொது. கொஞ்சம் தொலைவு போக முடிந்தால் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் எழுப்பிய அந்தக் கோயிலை 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அங்கே சண்டேசருக்குச் சிவபெருமான் தலையில் மாலை சுற்றும் சிற்பம் ஒன்று உண்டு. அன்பாக ஒருவருக்குச் செய்யும் மரியாதையைக் கல்லில் இப்படிக் காட்ட முடியுமா என்று வியப்போம்.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால், பக்கத்திலேயே அரும்பாவூர். அங்குள்ள மரச்சிற்பங்களுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, மா, வேம்பு போன்ற மரங்களில் செதுக்குகிறார்கள். ஒரே கட்டையிலிருந்து உருவத்தை எடுப்பது அவர்கள் சிறப்பு. கொட்டாப்புளியால் உளியைத் தட்டும்போது, மரத்தின் இழை ஓடும் திசையைப் பார்த்தே தட்டுகிறார்கள். இழைக்கு எதிராக அவசரப்பட்டால் மரம் பிளந்துவிடும். அதிகம் எடுத்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. தச்சரான சூசையப்பரின் பிள்ளைகளாகிய நமக்கு இதைவிட நல்ல இல்லறப் பிரசங்கம் வேண்டுமா? வாழ்க்கைத் துணையின் சுபாவம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்து பேச வேண்டும். சொன்ன சொல்லைத் திரும்ப ஒட்ட முடியாது.

இனி சில நடைமுறைகள். ஆண்டுக்கு நான்கு நாள் போதும், பருவத்துக்கு ஒன்று. ஒருமுறை கணவன் இடத்தைத் தேர்ந்தால் மறுமுறை மனைவி தேரட்டும். கட்டுச்சோறு எடுத்துப் போங்கள். ஆனால் விடியுமுன் எழுந்து அதைக் கட்டுவது மனைவியின் வேலை மட்டும் என்றால், அது அவளுக்கு ஓய்வு நாள் ஆகாது. இருவரும் சேர்ந்து கட்டுங்கள். கைப்பேசியைப் படம் எடுக்க மட்டும் வெளியே எடுங்கள். திரும்பி வரும்வரை கடன், பங்காளித் தகராறு, மாமியார் மருமகள் பேச்சு மூன்றுக்கும் விடுமுறை. வீடு திரும்பியபின் இரவுச் செபத்தில், அன்று கண்டதில் மனத்தைத் தொட்ட ஒன்றை ஒருவருக்கொருவர் சொல்லி ஆண்டவருக்கு நன்றி கூறுங்கள்.

"இந்த வயதில் ஜோடி போட்டுக்கொண்டு போகிறார்களே" என்று ஊர் சொல்லுமாம். சொல்லட்டும். கோயில் முன்னே மாலை மாற்றிக்கொண்டபோது ஊரைச் சாட்சி வைத்துத்தானே சேர்ந்தோம்? சேர்ந்து இருப்பதையும் ஊர் பார்க்கட்டும். பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: மகனும் மருமகளும் புறப்படும் நாளில் பேரப்பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொண்டால், அது அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் தரும் சீதனம். கணவர் வெளிநாட்டில் உழைக்கும் சகோதரிகளையும், துணையை இழந்து தனித்திருப்போரையும் மறந்துவிட வேண்டாம். அன்பியம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு பயணத்தை ஏற்பாடு செய்து, அவர்களுக்கு முதல் இடம் தரலாம்.

பழைய ஏற்பாட்டில் யூபிலி ஆண்டு என்பது நிலத்துக்கு ஓய்வு தந்த ஆண்டு. பிரிந்தவர்கள் தங்கள் குடும்பத்துக்குத் திரும்பிய ஆண்டு. விதைக்காமல் விட்டால் மண் தன் சாரத்தை மீட்டுக்கொள்ளும் என்பது விவசாயிகளாகிய நமக்குத் தெரியும். மண்ணுக்கே ஓய்வு வேண்டுமென்றால் மனத்துக்கு வேண்டாமா? ஒரே வீட்டில் இருந்தும் பிரிந்திருப்பவர்கள் ஒருவரிடம் ஒருவர் திரும்புவதும் யூபிலிதான். வரும் பருவத்துக்குரிய நாளை, இன்று வீட்டுக்குப் போனதும் காலண்டரில் இருவருமாகக் குறித்து வையுங்கள்.

திருக்குடும்பம் நம் இல்லங்களைக் காப்பதாக.