அஞ்சாங்கிளாஸ் முடிகிறபோது



வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் அஞ்சாங்கிளாஸ் படிக்கிற பிள்ளை வீட்டில் பாதிப் பெரிய மனுஷர். கடைக்கு அனுப்பலாம். தம்பி, தங்கையின் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போகச் சொல்லலாம். ரயில்வே கேட் சாத்தியிருந்தால் குனிந்து நுழையாமல் நின்று வரும் என்று நம்பலாம். ஆனால் அந்த ஒரு வருஷத்தில் பிள்ளை என்ன கற்றுக்கொண்டது என்று அப்பா அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். "நல்லாத்தான் படிக்குது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கண்டெய்னர் லாரியில் போய் இரண்டு நாள் கழித்து வருகிறவருக்கும், குடோனில் மூட்டை தூக்கிவிட்டு இருட்டிய பிறகு வருகிறவருக்கும் அதற்குமேல் கேட்க ஏது நேரம்? அதனால் இன்றைக்கு நாம் கொஞ்சம் நிதானமாகக் கேட்டுப் பார்ப்போம்.

தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடம். இப்போதுள்ள புத்தகங்கள் 2019-20இல் வந்தவை. பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் இந்த ஐந்தையும் நடத்துவது ஒரே டீச்சர்தான். ஆறாம் வகுப்புக்குப் போனால் பாடத்துக்கு ஒருவர் வருவார். கணக்கு சாருக்கு அந்தப் பிள்ளையின் தமிழ் தெரியாது, தமிழம்மாவுக்கு அதன் கணக்கு தெரியாது. ஒரு பிள்ளையை முழுசாகப் பார்க்கிற கடைசி ஆசிரியர் அஞ்சாங்கிளாஸ் டீச்சர்தான். அதனால்தான் இந்த வகுப்பைப் பற்றி எனக்கு இத்தனை கவலை.

ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்கிறேன். 816ஐ 8ஆல் வகுக்க வேண்டும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளிலேயே பலர் 12 என்று எழுதுவார்கள். எங்கே தவறுகிறது? எட்டில் எட்டு ஒரு தடவை போகிறது. அடுத்து 1ஐக் கீழே இறக்குகிறார்கள். ஒன்றில் எட்டு போகாது. உடனே பக்கத்திலிருக்கிற 6ஐயும் இறக்கிப் பதினாறாக்கி, இரண்டு தடவை என்று எழுதிவிடுகிறார்கள். நடுவில் "போகவில்லை" என்பதற்கு ஒரு பூஜ்ஜியம் போட வேண்டும். அது விட்டுப்போகிறது. விடை 102. பிள்ளை எழுதியது 12.

சிவப்பு மையில் ஒரு பூஜ்ஜியத்தைச் சேர்த்துவிட்டால் பிள்ளை எதையும் கற்றதாகாது. "எண்ணூறு ரூபாயை எட்டுப் பேர் பங்கு போட்டால் ஆளுக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். நூறு என்று பட்டென்று வரும், கடைக்குப் போய்வருகிற பிள்ளை அல்லவா? "அப்போ எண்ணூற்றுப் பதினாறுக்கு வெறும் பன்னிரண்டுதானா?" என்றால், பிள்ளை நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஈவை எட்டால் பெருக்கிப் பார்த்து, 96 வருகிறதே என்று தானே அழிக்கும். வகுத்தல் மூன்றாம், நான்காம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. தன் விடையைத் தானே சந்தேகப்படுவது, அதைத் தானே சரிபார்ப்பது, இதுதான் ஐந்தாம் வகுப்பில் வர வேண்டியது.

ஏசர் என்று ஓர் ஆய்வு நடக்கிறது. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். அதில் கணக்கின் கடைசிப் படி, மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுப்பது. வாசிப்பின் கடைசிப் படி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சின்னக் கதை. கொரோனாவுக்குப் பிறகு 2022இல் எடுத்ததில், தமிழ்நாட்டின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர்தான் அந்தக் கதையை முழுசாகப் படித்தார். 2024இல் நிலைமை தேறியிருந்தது. அது கிராமங்களில் எடுக்கிற ஆய்வு, வடசென்னைக்கு அந்த எண் பொருந்தாது. ஆனால் அந்தச் சோதனையை எந்த வீட்டிலும் செய்து பார்க்கலாம். அதற்கு ஒரு கதைப் புத்தகம் போதும்.

செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில பிள்ளைகள் கணீரென்று படித்து முடிப்பார்கள். புத்தகத்தை மூடிவிட்டு, "என்ன கதை, சொல்லு" என்றால் வாய் திறக்காது. எழுத்து பழகிவிட்டது, பொருள் இன்னும் கைக்கு வரவில்லை. கொருக்குப்பேட்டையில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற பிள்ளைகள் உண்டு, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குத் தமிழ்ப் பாடம் இரண்டு மடங்கு உழைப்பு. தெரு விளையாட்டில் தமிழ் சரளமாக வரும், பாடப் புத்தகத்தின் தமிழ் வேறாக இருக்கும். அவர்கள் மந்தம் என்று யாராவது சொன்னால் என்னால் தாங்க முடிவதில்லை.

சமூக அறிவியலில் வளிமண்டலம் ஒரு பாடம். காற்றில் நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்ஸிஜன் 21 சதவீதம் என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். கொடுங்கையூர் குப்பைமேடு பக்கத்திலேயே இருக்கிறது. அது பற்றி எரிகிற நாளில் புகை வகுப்பறைக்குள்ளேயே வரும். "டீச்சர், இந்தப் புகை அந்த 78லயா, 21லயா?" என்று ஒரு பிள்ளை கேட்டால், அன்றைக்குத்தான் அந்தப் பாடம் நடந்தது என்று அர்த்தம். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். பரீட்சைக்கு வராது என்று ஒதுக்கக் கூடாது.

வரலாறும் அப்படித்தான். பிள்ளைகள் பார்த்துக்கொண்டே போகிற பக்கிங்காம் கால்வாயின் இந்தப் பகுதி 1806 வாக்கில் எண்ணூர் வரை வெட்டப்பட்டது. முதலில் கோக்ரேன் கால்வாய் என்று பெயர். படகில் விறகும் உப்பும் வந்த நீர்வழி அது. கொஞ்ச தூரத்தில் ராயபுரம் ஸ்டேஷன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் அங்கிருந்துதான் புறப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து வந்த எண்ணெய் இதே கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் போய்ச் சேர்ந்து, மீனவர்களின் படகையும் வலையையும் கறுப்பாக்கியது. இன்றைக்கு அஞ்சாங்கிளாஸில் இருக்கிற பிள்ளைக்கு அந்த வெள்ளம் நினைவிருக்கும். புத்தகத்தில் ஆறு, கடல், மாசு என்று வருகிற சொற்களுக்கு அந்த நினைவையே உதாரணமாக்கலாமே.

ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்று 2019இல் அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பி, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. அது நல்ல முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பத்து வயதில் "நீ ஃபெயில்" என்று சொல்லிவிட்டால், இந்தப் பக்கத்தில் அந்தப் பிள்ளை மெக்கானிக் ஷெட்டுக்கோ குடோனுக்கோ போய்விடும். பெண்பிள்ளை என்றால் வீட்டோடு நின்றுவிடும். ஆனால் தேர்வு வேண்டாம் என்று போராடிய நமக்கு ஒரு கடமையும் இருக்கிறது. படிக்கத் தெரியாத பிள்ளையை அப்படியே ஆறாம் வகுப்புக்கு அனுப்பிவிட்டுக் கைகழுவக் கூடாது. மூன்றாம் பருவம் தொடங்கும்போதே யாருக்கு வகுத்தல் வரவில்லை, யாருக்கு வாசிப்பு வரவில்லை என்று டீச்சருக்குத் தெரியும். அதை எழுதி, பிள்ளை போகப்போகிற பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்து அனுப்பலாம். டி.சி.யோடு இன்னொரு தாள், அவ்வளவுதான்.

சாப்பாட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1920இல் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடத் தொடங்கினார்கள். அவர் பெயரில் கல்லூரி நம் பக்கத்தில், பழைய வண்ணாரப்பேட்டையில்தான் இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகச் சாப்பிட்டுவிட்டு வகுப்பில் உட்காருகிற பிள்ளையின் முகமே வேறு. ஆனால் அந்தத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்றுதான் வகுக்கப்பட்டது. அம்மா விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புகிற வீடு, பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டதால் மாறிவிடுவதில்லை.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் ஒன்று இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் குறைந்தது நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். கூலி போகிறதே என்று போகாமல் இருந்துவிடாதீர்கள். என் பிள்ளைக்கு வகுத்தல் வருகிறதா, கதை படித்தால் புரிகிறதா என்று அங்கே கேளுங்கள். ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்குக் காலைச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்றும் கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டு, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள்.